கங்கா பேசினாள், ஜமுனாவுக்கு இடம் கிடைத்தது

உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்ற பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை. ஜவ்வாது மலையில் பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னிடமும் அப்படித்தான் கொடுத்தார்கள். "சாருக்கு மத்தியானம் ஒரு பீரியடு காலிதான?" என்று தலைமையாசிரியர் கேட்டார். என்னிடம் அவர் கண்ட தகுதி அவ்வளவுதான். ஓய்வு பெறுகிறவரை அந்தப் பொறுப்பு என்னை விட்டுப் போகவில்லை.

பயிற்சியில் உங்களுக்குத் திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இந்தப் பிரிவு எடுத்தால் இந்தப் படிப்பு, இந்தப் படிப்புக்கு இந்த வேலை என்று அம்புக்குறிகள் ஓடும். அவற்றில் தவறு இருக்காது. அம்புக்குறி தொடங்கும் இடத்தில் ஒரு பிள்ளை நிற்கிறதே, அதைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பள்ளிக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை எழுப்பி, "என்ன ஆகப் போறே?" என்று கேட்பார். "கலெக்டர்" என்று பதில் வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். விருந்தினர் டீ குடித்துவிட்டு மலையிறங்கிப் போய்விடுவார். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பு முழுக்கக் கலெக்டர்களாக உட்கார்ந்திருந்த வருடமும் உண்டு. அந்தப் பதில் சொன்னால் உட்கார விட்டுவிடுவார்கள் என்று பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். நாம்தான் அதை லட்சியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த எரிச்சல் உச்சத்துக்குப் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு நான் செய்தது எல்லாம் சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும்.

எங்கள் பள்ளியில் கங்கா, ஜமுனா என்று இரட்டைப் பெண்கள் படித்தார்கள். அச்சில் வார்த்ததுபோல ஒரே முகம், ஒரே உயரம். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அப்பா வெள்ளையன் சாமை விதைக்கிறவர், புளிய மரங்கள் சில உண்டு. எந்தப் பெண் யார் என்று ஆசிரியர்கள் யாருக்கும் பார்த்தவுடன் தெரியாது. வாய் திறந்தால் தெரிந்துவிடும். பேசினால் கங்கா. பேசாவிட்டால் ஜமுனா.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. பேசாத ஜமுனா பள்ளியிலேயே முதல். பேசும் கங்கா வேதியியலில் தவறிவிட்டாள்.

திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நர்சிங் கல்லூரி இருந்தது. மலைப் பள்ளியில் படித்த பெண் ஒருத்திக்கு அவர்கள் இலவச இடம் கொடுப்பார்கள், விடுதியும் சேர்த்து. அந்த வருடம் அது எங்கள் பள்ளிக்கு வந்தது. "நர்சிங் படிக்க யாருக்கு விருப்பம்?" என்று வகுப்பில் முன்பே கேட்டிருந்தேன். கங்கா தன் கையைத் தூக்கினாள். பக்கத்திலிருந்த ஜமுனாவின் கையையும் பிடித்துத் தூக்கினாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மதிப்பெண் வந்த பிறகு இடம் ஜமுனாவுக்கு என்று முடிவாயிற்று. தலைமையாசிரியர் அன்று சாயங்காலமே பேனருக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் பள்ளி வாசலில் ஜமுனாவின் படத்தோடு அது தொங்கியது.

சேர்க்கை நாளன்று வெள்ளையனும் மகளும் செங்கம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். என் வீடு செங்கத்தில்தான். அங்கிருந்து மூவரும் பேருந்தில் போனோம். பெண் முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். வெள்ளையன் என் பக்கத்தில். "கங்கா வரலையா?" என்று கேட்டேன். "வூட்ல கீறா சார்" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலைக்காரர், வெயிலில் பேச அலுப்பு என்று நினைத்தேன்.

சேர்க்கை அலுவலர் ஓர் அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மதிப்பெண் சான்றிதழில் இருந்த படத்தையும் முகத்தையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி வைக்கும் முன், சம்பிரதாயத்துக்குப் போல ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நர்சிங் எதுக்குப் படிக்கணும்னு வந்திருக்கே?"

ஜமுனாவிடம் போய் இப்படிக் கேட்கிறாரே, இவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாளே என்று நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"எங்க ஊருக்கு வண்டி வராது மேடம். யாருக்குனா ஒடம்பு முடியலனா கம்புல போர்வையக் கட்டி, அதுல படுக்க வெச்சித் தூக்கினு வருவாங்க. எங்க சித்தியையும் அப்டித்தான் தூக்கினு வந்தாங்க. நானும் பின்னாலயே ஓடியாந்தேன். வழி முச்சூடும், தண்ணி குடுக்கலாமா வேணாமான்னு எங்கப்பாவும் சித்தப்பாவும் சண்ட போட்டுனே வந்தாங்க. குடுக்கலாம்னோ வேணாம்னோ சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு இல்ல மேடம். அந்த ஆளா நான் இருக்கணும்."

"சித்தி?"

"பொழச்சிக்கிட்டாங்க மேடம். ஆனா அது நாங்க பண்ணதுனால இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் எங்களுக்கு வேணும் சார்" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு மூச்சு விடும் நேரம் நின்றிருக்கும். பாடத்தை வாசிக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் குரல் போய்விடும் பெண் ஜமுனா. எங்கள் பள்ளியில் இரண்டு வருடத்தில் இத்தனை வாக்கியங்களை அவள் சேர்த்துச் சொன்னதில்லை.

திரும்பி வெள்ளையனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

அலுவலர் பேனாவை நீட்டினார். கங்கா வாங்கினாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நர்சாகப் பிறந்த ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்துவிடும். உண்மையை அங்கேயே போட்டு உடைத்தால் அப்பனும் மகளும் காவல் நிலையத்துக்குக்கூடப் போகவேண்டி வரலாம். மலைப் பள்ளிக்கு இனி இடமே வேண்டாம் என்று கல்லூரி முடிவெடுத்துவிடலாம். எது நியாயம் என்று யோசிக்க அங்கே நேரம் இல்லை. இப்படி மாட்டிக்கொண்டால், பிறகு திருப்ப முடியாதது எதுவோ அதை மட்டும் முதலில் நிறுத்துங்கள். நியாயத்தை வெளியே போய் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். திருப்ப முடியாதது அந்தக் கையெழுத்து.

"மேடம், ஒரு நிமிஷம். அவசரமா ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லிவிட்டு அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்கு வந்ததும், பின்னாலேயே வந்த வெள்ளையன் பக்கம் கோபமாகத் திரும்பினேன்.

"இன்னா வெள்ளையன் இது?"

அவர் ஒளிக்கவில்லை, குழையவும் இல்லை. எனக்குப் புரியாத ஒன்றை எனக்குப் புரியவைக்கிறவர் மாதிரிப் பேசினார். "ஜமுனா வரமாட்டேன்னுட்டா சார். அழுது பொரண்டுட்டா. சீட்டு எங்க வூட்டுக்குத்தான வந்துச்சி? இவதான ஆசப்பட்டா? எது போனா இன்னா சார்? மொகம் ஒண்ணுதான?"

"மொகம் ஒண்ணு. பேரு?"

"பேருல இன்னா சார் கீது? ஊர்ல பாதிப் பேரு இதுங்கள மாத்தித்தான் கூப்பிடறாங்க."

நான் கங்காவைப் பிடித்துக்கொண்டேன். "நாலு வருஷம் கழிச்சி நர்ஸுன்னு பதிவு பண்ணப் போவியே, அங்க நீ யாரு? ஜமுனா. கல்யாணப் பத்திரிகைல? ஜமுனா. ஒனக்குப் பொறக்கற புள்ள பள்ளிக்கூடத்துல அம்மா பேரு இன்னான்னு சொல்லும்? அப்ப ஜமுனா எங்க போவா? அவ சான்றிதழ நீ எடுத்துனு போய்ட்டா அவ எத்த வெச்சிப் படிப்பா?"

நான் முதலில் சொன்ன எதற்கும் கங்கா அசையவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் முகம் மாறியது. "அவ படிக்கலன்னுதான சார் சொன்னா" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"படிக்கலன்னு சொன்னாளா, நர்சிங் படிக்கலன்னு சொன்னாளா?"

கங்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கங்காவைப் பார்த்தார். யாரும் ஜமுனாவைக் கேட்கவில்லை. பேனர் கட்டியவர், இனிப்புக் கொடுத்தவர், வாழ்த்திப் பேசியவர், பொருளாதார ஆசிரியர், ஒருவர் பாக்கியில்லை.

இதற்குள் தலைமையாசிரியர் கைபேசியில் வந்துவிட்டார். சேர்க்கை முடிந்ததா, போட்டோ அனுப்புங்கள் என்றார். ஜமுனா வரவில்லை, வர விருப்பமில்லை என்று மட்டும் சொன்னேன். "விருப்பமில்லையா? என்ன சார் பேசறீங்க? பேனர் அடிச்சாச்சு! எப்படியாவது அந்தப் பொண்ணைக் கொண்டாந்து உட்கார வைங்க. நாலு நாள்ல பழகிடும்" என்றார். நாற்காலி மேசையைப் பற்றிப் பேசுகிறார் என்றே கேட்கிறவர்களுக்குத் தோன்றும்.

உள்ளே போய் அந்த அம்மாளிடம், குடும்பத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்றேன். மறுநாள் மதியம் வரை தருவதாகச் சொன்னார். "இவ்ளோ நல்லாப் பேசற பொண்ணு, இன்னும் என்ன முடிவு?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மாளிடம் கடைசிவரை நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் யாராவது நினைத்தால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

மூவரும் மறுபடி பேருந்து ஏறினோம். பேருந்து நின்ற இடத்திலிருந்து அவர்கள் ஊருக்கு நடந்தோம். பசி, வெயில், செருப்பு வேறு அறுந்துவிட்டது. இத்தனை அலைச்சலும் ஒரு பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததால்தானே என்று ஜமுனாமீதும் எரிச்சல் வந்தது.

ஜமுனா விதைப்புக்கு முன் நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மற்ற இருவரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போயிருந்தேன்.

"நர்சிங் வேணாமா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஏம்மா?"

"ரத்தத்தப் பாத்தா எனுக்கு மயக்கம் வந்துடும் சார்."

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கங்காவத்தான் சார் கேட்டீங்க."

"சரி. இப்ப ஒன்னத்தான் கேக்கறேன். இன்னா படிக்கணும் ஒனக்கு?"

கூடையிலிருந்த கற்களைப் பார்த்தாள். பிறகு, "தெரியல சார்" என்றாள்.

விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. "தெரியலனா எப்டிம்மா? ஒனக்காக இத்தினி பேரு ஓடினு கீறோம், தெரியலன்ற!" என்று கத்திவிட்டேன். அவள் ஓரடி பின்னால் போனாள். இனி இவள் வாயைத் திறக்க மாட்டாள், கெட்டது காரியம் என்று அங்கிருந்த பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அறுந்த செருப்பைக் கழற்றிப் போட்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் அந்த வருடம் முழுக்க ஒரு பிள்ளை என்னிடம் சொன்ன முதல் உண்மையான பதில். கலெக்டர் என்று சொல்லியிருந்தால் நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"சரி, இன்னா வேணும்னு தெரியல. இன்னா வேணாம்? அதுனா தெரியுமா?"

அதற்குப் பதில் உடனே வந்தது. "ஆஸ்பத்திரி வேணாம் சார். அப்பறம்..." வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நானும் கங்காவும் ஒரே எடத்துல வேணாம். அவ இல்லாத எடம்னா எதுனாலும் சரி."

"ஏன், சண்டையா?"

"இல்ல சார். அவ கூட இருந்தா எல்லாரும் அவ கிட்டயேதான் பேசறாங்க. நான் பேச ஆரம்பிச்சா அவ முடிச்சி வெச்சிடுவா. தப்பா முடிக்க மாட்டா. நான் நெனச்சதயேதான் சொல்லுவா. ஆனா நானா எதையும் முடிச்சதே இல்ல சார்."

பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். வீட்டில் இருக்கச் சொன்ன கங்கா வந்து நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏண்டி இத்த எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன், நீ..."

"நான் வுடல" என்றாள் கங்கா. சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஜமுனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்காவும் தங்கையும் அப்படி அழுததை நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன்.

வெள்ளையனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்தார். "அப்ப சீட்டு போச்சா சார்? இந்தப் பக்கத்துல ஒரு வூட்டுக்கும் வராத சீட்டு சார் அது" என்றார். ஒரு முழு வருட விளைச்சல் போனாலும் அவர் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் செய்தது தவறு. ஆனால் அவர் இழந்தது பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் இந்தப் பொறுப்புக்கு வராதீர்கள்.

அவர் எதிரிலேயே ஜமுனாவை இன்னொரு முறை கேட்டேன். "நாளைக்கு மத்தியானத்தோட சீட்டு போயிடும். திரும்பக் கெடைக்காது. புரியுதா?"

"போவட்டும் சார்" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் நானே போய் அந்த அம்மாளிடம் எங்கள் பெண் வரவில்லை, வேறு மலைப் பள்ளிக்குக் கொடுங்கள் என்றேன். நல்லவேளை, கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். 'மாணவிக்கு விருப்பமில்லை' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். இது ஒரு விளக்கமா என்று கோபப்பட்டார். அதைவிடப் பெரிய விளக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பேனரைக் கழற்றிச் சத்துணவுக் கூடத்துக் கூரை ஒழுகும் இடத்தில் போட்டார்கள். அந்த மட்டும் அதற்கு ஒரு பயன் கிடைத்தது.

இந்தக் களேபரத்தில் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கிட்டத்தில் வந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வீடு முழுக்க ஜெயித்த பெண்ணைப் பற்றியே பேச்சு. தோற்ற பெண்ணுக்கு ஒரு தேர்வு பாக்கி இருப்பது யாருக்கும் நினைவில்லை. கங்காவை இழுத்துக்கொண்டு போய் விண்ணப்பிக்க வைத்தேன். வேதியியல் ஆசிரியரைக் கெஞ்சிக் கூத்தாடி விடுமுறையில் பாடம் சொல்ல வைத்தேன். தேறிவிட்டாள். அந்த வருடம் எங்கும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேலூர்ப் பக்கம் நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தாள், கங்கா என்ற பெயரில். திருவண்ணாமலை வழியில் இருக்கும் அந்தக் கல்லூரிப் பக்கம் மட்டும் போகாதே என்று சொல்லியிருந்தேன். இப்போது மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.

ஜமுனா திருப்பத்தூரில் வரலாறு படிக்கப் போனாள். அறிவியல் பிரிவில் முதலாக வந்த பெண் வரலாறா என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கும் முதலில் உவப்பில்லைதான். இரண்டு கல்லூரிகளைப் போய்ப் பார்த்துவிட்டு அவளே எடுத்த முடிவு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பட்டம் வாங்கிவிட்டு இப்போது மேல்படிப்பில் இருக்கிறாள். அதற்கப்புறம் என்ன என்று யாராவது கேட்டால், யோசித்துக்கொண்டிருப்பதாகத் தைரியமாகச் சொல்கிறாள். அவளை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

வெள்ளையன் பல மாதம் என்னோடு பேசவில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் போய்விடுவார். அடுத்த வருடம் முடிவுகள் வந்த சமயத்தில் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். கூடவே அவர் ஊர்க்காரர் ஒருவரும், அவருடைய மகளும். அந்த மனிதர் உட்கார்ந்ததும், "எம் பொண்ணு டீச்சருக்குப் படிக்கணும் சார். அதுக்கு அதான் இஷ்டம்" என்று ஆரம்பித்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வெள்ளையன் அவர் தோளைத் தட்டி எழுப்பினார்.

"வாய்யா, வெளிய போவலாம். பொண்ணு பேசும். உள்ள நமக்கு இன்னா வேல?"

இருவரும் வெளியே போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தேன், மேசையைத் துடைத்தேன், காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு தலைகள், காதைக் கொடுத்துக்கொண்டு. ஒன்று வெள்ளையனுடையது.

"வெள்ளையன்! அந்தப் பக்கம் போங்க!" என்று நான் போட்ட கத்தலில் இரண்டு தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மறைந்தன.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதன் பிறகு பேசத் தொடங்கினாள்.